செய்கூலி எவ்வளவு, பாரிஸ் பத்தரே?

பாரிஸ் விமான நிலையத்தில் வரிப் பணத்தைத் திரும்ப வாங்க நம்மவர்கள் நிற்கிற வரிசை இருக்கிறதே, அது தனிக் காட்சி. ஒரு கையில் பாஸ்போர்ட், மறு கையில் பில், தோளில் புதுக் கைப்பை, அது கசங்கிவிடாமல் இருக்க உள்ளே திணித்த பழைய சுடிதார். "இதையே மும்பையில் வாங்கினால் எவ்வளவு ஆகும் தெரியுமா?" என்று, செலவழித்த தொகையை விழுங்கிவிட்டு மிச்சம் பிடித்த தொகையை மட்டும் உரக்கச் சொல்லும் மாமி ஒருவர் அதில் நிச்சயம் இருப்பார். அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எல்லாம் புதுப்பணம் படுத்தும் பாடு" என்று உதட்டைச் சுழிக்கும் பெரியவர் ஒருவரும் இருப்பார். பெரியவருக்குச் சரித்திரம் தெரியாது. பாரிஸ் கடைக்காரனைத் திணற அடிப்பதில் நமக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அனுபவம் உண்டு. அந்தக் காலத்தில் வரிசையில் நின்றவன்தான் வேறு ஆள்.

1928, ஆகஸ்ட் மாதம். பாரிஸில் பிளாஸ் வாந்தோம் என்று ஒரு சதுக்கம். 15ஆம் எண்ணில் ரிட்ஸ் ஹோட்டல், 26ஆம் எண்ணில் பூஷெரோன் நகைக்கடை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வண்டி வேண்டாம். வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பினால் முதல் சாறு இறங்குவதற்குள் போய்விடலாம். அந்தத் தூரத்தைத்தான் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் ஊர்வலமாகக் கடந்தார். ரோஸ் நிறத் தலைப்பாகை கட்டிய பணியாட்கள் 40 பேர், மனதுக்குப் பிடித்த நாட்டியக்காரிகள் 20 பேர், ஆறு பெட்டிகள். கடைக்குப் போகிறவர் பெட்டியோடு திரும்புவதுதான் உலக வழக்கம். இவர் பெட்டியோடு போனார்.

திறந்தால் 7571 வைரம், 1432 மரகதம். போதாக்குறைக்கு நீலம், கெம்பு, முத்து. "இதையெல்லாம் வைத்து நகை செய்து கொடும்" என்றார் ராஜா.

நம்ம வீட்டுப் பெண்கள் பாட்டியின் அட்டிகையை மடியில் முடிந்துகொண்டு பத்தரிடம் போய், "இதை அழிச்சு ஒரு நெக்லஸும் ரெண்டு ஜோடித் தோடும் பண்ணிடுங்க" என்பார்களே, நடந்தது அதுதான். ஊர் பாரிஸ், பத்தர் லூயி பூஷெரோன், அவ்வளவுதான் வித்தியாசம். கடைக்காரன் கல்லை நம்பாதே, கல்லும் தங்கமும் நம்முடையதாக இருக்கட்டும், அவனுக்குச் செய்கூலி மட்டும் கொடு என்ற தத்துவத்தை ரங்கநாதன் தெருவில் மட்டுமில்லை, பாரிஸின் நடுச் சதுக்கத்திலேயே நம்மவர் ஒருவர் நிலைநாட்டியிருக்கிறார். சேதாரம் எத்தனை சதவீதம் என்று அவர் கேட்டாரா என்பது பற்றிச் சரித்திரம் வாய் திறக்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்றே நம்புகிறேன்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் மகாராஜா இல்லை. கடையின் உள்ளறையில் உட்கார்ந்து அந்த 7571ஐ எண்ணியிருப்பான் பாருங்கள், பெயர் தெரியாத ஒரு குமாஸ்தா, அவன்தான். ஆகஸ்ட் மாதத்துப் பாரிஸில் வசதியுள்ளவனெல்லாம் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவான். இவன் மட்டும் கறுப்புத் துணியை விரித்து, சாமணத்தால் ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்து, எடை போட்டு, பேரேட்டில் எழுதியிருப்பான். 7570 என்று கணக்கு முடிந்திருந்தால் அவன் கதி என்ன? மேசைக்கடியில் தவழ்ந்திருப்பான். வாசலில் 40 தலைப்பாகைகள் நிற்கின்றன என்ற நினைப்போடு தவழ்ந்திருப்பான். கடைசியில் அந்தக் கற்களெல்லாம் 149 நகைகளாக ஆயின. ஒரு மனிதன் 149 நகையை எங்கே போட்டுக்கொள்வான் என்று கேட்கக் கூடாது. பூபிந்தர் சிங் ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். இடம் தாராளமாக இருந்தது.

இதற்கு மூன்று வருஷம் முன்பே அவர் பாரிஸின் இன்னொரு பத்தரையும் பிடித்துவிட்டார். 1925இல் கஜானாவிலிருந்து கற்களை அள்ளி கார்ட்டியேவிடம் அனுப்பினார். 1928இல் வந்து சேர்ந்தது ஒரு கழுத்து மாலை: 2930 வைரங்கள், நடுவில் 234.65 காரட்டில் மஞ்சள் வைரம் ஒன்று. டி பியர்ஸ் வைரம் என்று அதற்குப் பெயர். ஒரே சமயத்தில் இரண்டு பத்தரிடம் வேலை கொடுத்து, இவரிடம் அவர் வேலையைப் புகழ்வது நம்மவர்களுக்குக் கைவந்த கலை.

கார்ட்டியே கம்பெனிக்காரர்கள் இதற்குள் நம்மைப் புரிந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் தம்பி மூன்று பேரில் ஜாக் கார்ட்டியே 1911இல் டில்லி தர்பாரை முன்னிட்டு இங்கே வந்து போனவர். ஐரோப்பாவில் நகைக்கடைக்காரன் பெண்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தால் போதும். இங்கே வந்து பார்த்தால் காதிலும் கழுத்திலும் கிரீடத்திலும் தொங்கவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பது மீசை வைத்த ஆண். அதுவும், "உங்கள் ஊர் நகை எங்களுக்கு எதற்கு? நல்ல பாக்கெட் கடிகாரம் இருந்தால் காட்டும்" என்ற தோரணை. ஜாக் கெட்டிக்காரர். விற்க வந்தவர் வாங்கவும் செய்தார். இலையாகவும் பூவாகவும் செதுக்கிய நம்மூர் மரகதமும் கெம்பும் பாரிஸுக்குப் போய், 1920களில் ஒரு புது நாகரிகமாக அவதாரம் எடுத்தன. 1936இல் டெய்சி ஃபெல்லோஸ் என்ற பாரிஸ் சீமாட்டி, 'இந்து மாலை' என்று கார்ட்டியேவிடம் ஒன்று செய்து போட்டுக்கொண்டார். கொடுத்துவிட்டு வந்தது நம் பாட்டி வீட்டுக் கல். நாம் இன்றைக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று 'என்ன டிசைன்டா!' என்று வாய் பிளக்கிறோம்.

நகையாவது பரவாயில்லை, போட்டுக்கொள்ளலாம். பகவல்பூர் நவாப் வாங்கிய கட்டிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

1882. நவாப் நான்காம் சாதிக் முகமது கான், இருபது வயதைத் தாண்டியிருந்த வாலிபர். பாரிஸில் கிறிஸ்டோஃபிள் என்ற வெள்ளிக் கம்பெனிக்கு ஒரு ஆர்டர் போகிறது. கட்டில் வேண்டும். மரத்தின் மேல் வெள்ளித் தகடு பொதிய வேண்டும். அதற்கே 290 கிலோ வெள்ளி ஆயிற்று. நான்கு மூலைகளிலும் ஆளுயரத்தில் நான்கு வெண்கலப் பெண்கள் நிற்க வேண்டும். உடம்புக்குத் தோல் நிற வர்ணம், தலைக்கு நிஜ முடி, உடைக்கு ஒன்றுமில்லை. ஒருத்தி பிரான்ஸ், ஒருத்தி ஸ்பெயின், ஒருத்தி இத்தாலி, ஒருத்தி கிரீஸ். நவாப் மெத்தையில் சாய்ந்தால் அந்த எடையில் எந்திரம் உயிர்பெற வேண்டும். பெண்கள் விசிறியால் வீசவும் சாமரம் போடவும் வேண்டும். கண்ணை வேறு அசைக்க வேண்டும். பின்னணியில் அரை மணி நேரம் சங்கீதம் ஓட வேண்டும்.

என்ன சங்கீதம் தெரியுமா? கூனோ இயற்றிய 'ஃபாஸ்ட்' என்ற இசை நாடகத்திலிருந்து எடுத்தது. சாத்தானிடம் ஆத்மாவை விற்றவனின் கதை. இதைத் தாலாட்டாகத் தேர்ந்தெடுத்தது யார், நவாபா, கம்பெனி என்ஜினீயரா என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். என்ஜினீயராக இருந்தால் அவர் குசும்புக்கு ஒரு கும்பிடு.

பட்டியலை எழுதியவர் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார், ஒன்றைத் தவிர. சர்வீஸ். கட்டில் கப்பலேறி, ரயிலேறி, பாலைவனத்து ஓரமாக இருக்கும் பகவல்பூருக்கு வந்த பிறகு, ஸ்பெயின்காரியின் இடது கண் ஒரு நாள் அசைய மறுத்தால் யாரைக் கூப்பிடுவது? அரண்மனைக் கொல்லரைக் கூட்டிவந்து, "அம்மா கண்ணைக் கொஞ்சம் பார்" என்றால் மனுஷன் முதலில் எதைப் பார்ப்பார்? நடுராத்திரி நவாப் புரண்டு படுத்தால் திரும்பவும் முதலிலிருந்து அரை மணி நேரம் சாத்தான் பாடுமா? வாரண்டி கார்டு இல்லாத காலம்.

இந்தச் செலவெல்லாம் யார் தலையில் விடிந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. நிலவரி கட்டிய குடியானவன் தலையில்தான். வெள்ளிக் கட்டிலில் வெண்கலப் பெண் வீசிய காற்றுக்கு விலை கொடுத்தவனுக்கு வீட்டில் கயிற்றுக் கட்டில். அவனும் ஐரோப்பியப் பொருளாதாரத்துக்குத் தன்னாலான கைங்கரியத்தைச் செய்தான். நன்றி சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

பார்சல் விஷயத்தில் உதய்பூர் மகாராணா சஜ்ஜன் சிங் படைத்த சாதனையை ஒருவரும் முறியடிக்கப் போவதில்லை. இங்கிலாந்தில் பர்மிங்காமில் ஆஸ்லர் கம்பெனி இருந்தது. அதனிடம் 1877இல் சோபா, நாற்காலி, மேஜை, கட்டில் எல்லாவற்றையும் கண்ணாடியில் செய்யச் சொன்னார். கண்ணாடிக் கட்டிலில் எப்படிப் படுப்பது என்று கேட்காதீர்கள், அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சரக்கு வருவதற்குள் 1884இல் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பெட்டிகள் வந்தன. பின்னால் வந்தவர்களுக்கு என்ன தோன்றிற்றோ, பிரிக்காமலே உள்ளே போட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. இப்போது ஃபதே பிரகாஷ் அரண்மனையில் காட்சிக்கு வைத்து டிக்கெட் போட்டிருக்கிறார்கள்.

ராஜாக்கள் இப்படி மாதக் கணக்கில் ஐரோப்பாவில் பழி கிடந்ததைக் கண்டு ஒருவருக்கு வயிறு எரிந்தது. வைஸ்ராய் கர்சன் பிரபு. 1900இல் ஒரு சுற்றறிக்கை விட்டார்: அரசன் என்பவன் தன் ஊரில், தன் குடிகளோடு இருக்க வேண்டியவன், அடிக்கடி வெளிநாடு போவது கூடாது, போவதென்றால் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து அடுத்தவன் ஊரில் உட்கார்ந்து ஆட்சி செய்துகொண்டிருந்தவர், ஆள்கிறவன் சொந்த ஊரில் இருக்க வேண்டும் என்று உபதேசித்ததில் முரண்பாடு எதையும் பார்க்கவில்லை. ராஜாக்கள் லீவு லெட்டர் எழுதக் கற்றுக்கொண்டார்கள். உடம்பு சரியில்லை, ஐரோப்பிய வைத்தியம் தேவை. அந்த வைத்தியம் நடக்கும் இடம் பெரும்பாலும் நகைக்கடைக்குப் பக்கத்திலேயே அமைந்துவிடும்.

எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஜெய்ப்பூர் இரண்டாம் மாதோ சிங் 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்கு லண்டன் போனார். சீமைத் தண்ணீர் தீட்டு. அதனால் கங்கை நீரையே கொண்டுபோனார், சொம்பில் இல்லை. ஆளுயர வெள்ளி அண்டாக்கள், ஒவ்வொன்றும் 345 கிலோ, ஒவ்வொன்றிலும் 4000 லிட்டருக்கு மேல் பிடிக்கும். 'ஒலிம்பியா' என்ற கப்பலையே தனியாக வாடகைக்கு எடுத்தார். போன இடத்தில் எட்வர்டுக்குக் குடல்வால் வீங்கி அறுவை சிகிச்சை. ஜூன் 26ஆம் தேதி நடக்க வேண்டிய வைபவம் ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப்போயிற்று. ராஜா பதறியிருக்கவே மாட்டார். கைவசம் தண்ணீர் இருந்தது. யூரோப் டூருக்கு ஒரு வாரத்துக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கட்டிக்கொண்டு போகிற நம் குடும்பங்கள் தங்கள் குலதெய்வப் பட்டியலில் இவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே நீங்கள் எதிர்பார்க்கும் கதை எனக்குத் தெரியும். அல்வார் ராஜா லண்டனில் சாதாரண உடையில் ரோல்ஸ் ராய்ஸ் கடைக்குள் போனார், விற்பனையாளன் அவமானப்படுத்தினான், அத்தனை காரையும் வாங்கி வந்து ஊரில் குப்பை அள்ள விட்டார், கம்பெனி காலில் விழுந்தது. உங்கள் சித்தப்பா மாதம் ஒரு முறை அனுப்புவார். ஆதாரம் என்று ஒன்றும் கிடையாது. அல்வாரை எடுத்துவிட்டுப் பரத்பூர், பட்டியாலா, ஹைதராபாத் என்று எந்த ஊரைப் போட்டாலும் கதை ஜோராக ஓடுகிறது, அதிலேயே தெரியவில்லையா? அட, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அவமானப்படுத்திய கடையிலேயே இருக்கிற காரையெல்லாம் முழு விலை கொடுத்து வாங்கினால் அதற்குப் பெயர் பழிவாங்கலா? அந்த விற்பனையாளனுக்கு அந்த மாதம் வந்திருக்கும் கமிஷனை நினைத்துப் பாருங்கள். அடுத்த இந்தியன் வந்தபோதும் அவமானப்படுத்தியிருப்பான், தொழில் விருத்திக்காக.

நம் பக்கத்து ஆள் ஒருவரும் இல்லையா என்று கேட்பீர்கள். புதுக்கோட்டை மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இருக்கிறார். 1915இல் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குக் கூட்டிவந்தார். வெள்ளைக்கார சர்க்கார் அவரை ராணியாக ஏற்கவில்லை. யாரோ அரளி வைத்தார்கள் என்ற சந்தேகம் வேறு. தம்பதி மூட்டை கட்டிக்கொண்டு பிரான்ஸில் கான் நகரத்துக் கடற்கரையோடு செட்டிலாகிவிட்டார்கள். பட்டியாலா ஊர்வலம் போன அதே 1928இல், சில மாதம் முன்பு, தொண்டைமான் பாரிஸில் காலமானார். உடலை ஊருக்குக் கொண்டுவரக்கூட அனுமதி கிடைக்கவில்லை. இவர் கதையில் சிரிப்பு வரவில்லை, விட்டுவிடுவோம்.

கிண்டி குதிரைப் பந்தயத்துக்குப் போவோம், அங்கே சிரிக்கலாம். 1943. சென்னையில் பிறந்த பித்தாபுரம் ஜமீன் பெண் சீதாதேவி, பரோடா மகாராஜா பிரதாப் சிங் கெய்க்வாட்டின் கண்ணில் படுகிறார். அம்மாளுக்கு ஏற்கெனவே ஒரு ஜமீன்தார் கணவர். ராஜாவுக்கு ஏற்கெனவே ஒரு ராணி. சட்டப் புத்தகத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: சீதாதேவி இஸ்லாத்துக்கு மாறினார், அதைக் காட்டிப் பழைய கல்யாணம் ரத்தாயிற்று, மறுபடி இந்துவாகி ராஜாவைக் கைப்பிடித்தார். இதில் ஒரு சின்னச் சிக்கல். பரோடாவில் இருதார மணத் தடைச் சட்டம் இருந்தது, போட்டவர் ராஜாவின் சொந்தத் தாத்தா சயாஜிராவ். கேட்டதற்கு, சட்டம் குடிமக்களுக்கு, எனக்கில்லை என்றாராம் ராஜா. தாத்தா தோண்டிய கிணற்றைப் பேரன் தாண்டிப் போனார்.

போர் முடிந்ததும் அம்மாள் மொனாக்கோவில் குடியேறினார். கூடவே பரோடா கஜானாவும் மெல்ல மெல்லக் குடிபெயர்ந்தது, முத்துக்கள் பதித்துத் தைத்த கம்பளம் உட்பட. வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸ் கடைக்குத் தன் கற்களை எடுத்துப்போய் மாலை செய்துகொண்டார். அங்கேயும் செய்கூலி மட்டும்தான். அலுத்துப்போன நகைகளை நியூயார்க் ஹாரி வின்ஸ்டனிடம் தள்ளிவிட்டார். அதில் ஒரு ஜோடிக் கால் கொலுசு, மரகதமும் வைரமும் பதித்தது. வின்ஸ்டன் அதைப் பிரித்துக் கழுத்து மாலையாகக் கட்டி வின்ட்சர் சீமாட்டிக்கு விற்றார், அதுதான், எட்டாம் எட்வர்ட் முடியைத் துறந்து மணந்த அம்மையாருக்கு. 1957இல் நியூயார்க்கில் ஒரு விருந்து. மாலையைப் பார்த்து எல்லாரும் மாய்ந்துபோகிறார்கள். "ஆமாம், அழகாகத்தான் இருக்கிறது. என் காலில் கிடந்தபோதும் அழகாகத்தான் இருந்தது" என்ற அர்த்தத்தில் நம் கிண்டி அம்மாள் ஒரு வார்த்தை விட்டதாகக் கதை. மாலை கடைக்கே திரும்பிப் போனது. வெளிநாட்டுக் கடையில் ஒரு இந்தியர் இதைவிடச் சிக்கனமாக யாரையும் கவிழ்த்ததில்லை, பைசா செலவில்லை.

பட்டியாலா மாலை என்னவாயிற்று? 1948 வாக்கில் கஜானாவிலிருந்து காணாமல் போனது. 1982இல் அந்த மஞ்சள் வைரம் மட்டும் ஜெனிவாவில் ஏலத்துக்கு வந்தது. 1998இல் லண்டனில் மாலையின் மிச்சம் கிடைத்தது. பெரிய கற்களையெல்லாம் யாரோ நோண்டிவிட்டார்கள். பிளாட்டினக் கோப்பு மட்டும் எலும்புக்கூடாகத் தொங்கிற்று. அதை வாங்கியது யார்? கார்ட்டியே. போன கற்களுக்குப் பதில் போலிக் கற்களைப் பதித்து, வருஷக் கணக்கில் உட்கார்ந்து மாலையைத் திரும்ப ஒப்பேற்றினார்கள். அதாவது ராஜா கொடுத்த கல் காற்றில் போயிற்று, பத்தர் செய்த வேலை மட்டும் தங்கிற்று, அந்தச் செய்கூலியைப் பத்தரே விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார். நகைக்கடையில் செய்கூலிக்கு ரீசேல் வேல்யூ கிடையாது என்று நமக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்களே, அவர்கள் பாரிஸ் போனதில்லை.

கடைசியாக இந்தூர் மகாராஜா இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கர். இவர் நகை வாங்கும் கோஷ்டியில் கொஞ்சம் விலகிய ஆள், ஆக்ஸ்போர்டில் படித்தவர், ரசனை ஒரு படி மேலே. எக்கார்ட் முத்தேசியஸ் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞரைப் பிடித்து, 1930களின் தொடக்கத்தில் மாணிக் பாக் என்று ஒரு அரண்மனை கட்டினார். வளைவு கிடையாது, குவிமாடம் கிடையாது, மயில் கிடையாது. பாரிஸிலிருந்து ருல்மான் செய்த மேஜை, ஐலீன் கிரே வடிவமைத்த நாற்காலி, கார்ப்யூசியே பட்டறையின் சாய்வு இருக்கை, சிற்பி பிராங்குசியின் பறவைகள் மூன்று. கதவுப் பிடி முதல் விளக்கு வரை கப்பலில் வந்து இறங்கின. பறவைகளுக்குத் தியானக் கோயில் கட்ட வேண்டும் என்று பிராங்குசியே இந்தூர் வரை வந்து போனார்; கோயில் எழும்பவில்லை. பின்னாளில் சாமான்கள் 1980இல் மொனாக்கோவில் ஏலம் போயின, ஐரோப்பாவிலிருந்து வந்தது ஐரோப்பாவுக்கே, எப்போதும்போல நல்ல லாபத்துக்கு.

அரண்மனை மட்டும் இந்தூரிலேயே நின்றது. அது இந்திய அரசின் கைக்கு வந்து, சுங்கம், கலால் வரி அலுவலகமாக ஆயிற்று. ராஜா பாரிஸ் நாற்காலியில் சாய்ந்து அடுத்த ஆர்டரை யோசித்த அறைகளில் கோப்புக் கட்டுகள் ஏறின. எந்த இலாகாவுக்கு எந்தக் கட்டடம் என்று ஒதுக்கிய அதிகாரி யாரோ, கல்மிஷமில்லாத முகத்தோடுதான் கையெழுத்துப் போட்டிருப்பார்.